கையடக்க ரெட்ரோ கேம் கருவி: நான் கட்டியதும் வாங்கியதும்

ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி போர்டை வைத்து நானே ஒன்று கட்டினேன், மியூ மினி பிளஸ் என்ற ரெடிமேட் கருவி ஒன்று வாங்கினேன், நின்டெண்டோவின் பழைய கேம் பாய் அட்வான்ஸுக்குத் திரை மாற்றினேன். மூன்றையும் நன்றாகப் புழங்கியாகிவிட்டது. புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: புராசஸர், ராம் எல்லாம் அப்புறம். எந்தக் காலத்து கேம்களை அதிகம் ஆடப்போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள், அதற்கு ஏற்ற திரையைத் தேடுங்கள்.

1989-இல் வந்த கேம் பாயின் திரை 160க்கு 144 பிக்சல். 2001-இல் வந்த அட்வான்ஸ் 240க்கு 160. முதல் பிளேஸ்டேஷனின் பல கேம்கள் 320க்கு 240. இப்போது விற்கும் சிறிய கருவிகளில் நிறைய 640க்கு 480 திரையோடுதான் வருகின்றன. பிளேஸ்டேஷன் படம் அதில் சரியாக இரண்டு மடங்காகப் பொருந்திவிடும். கேம் பாய் மூன்று மடங்காகி, ஓரத்தில் கொஞ்சம் கறுப்பு விடும். தகராறு அட்வான்ஸில்தான். இரண்டு மடங்காக்கினால் திரையில் பாதிதான் நிரம்பும். அகலம் முழுக்க இழுத்தாலோ 2.67 மடங்கு, ஒரு பிக்சலுக்கு இரண்டு புள்ளி, அடுத்ததற்கு மூன்று புள்ளி என்று ஏறுமாறாகப் போகும். படம் நிற்கும்போது அவ்வளவாகத் தெரியாது. ஆள் நடக்க ஆரம்பித்து, தரையின் செங்கல் வரிசை நகரும்போது பாருங்கள்: கோடுகள் தடித்து, மெலிந்து, மறுபடி தடித்து, தண்ணீருக்கடியில் பார்ப்பதுபோல் நெளியும். ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு அதுதான் தெரிந்துகொண்டே இருக்கும். எமுலேட்டரில், அதாவது பழைய கேமை இந்தக் கருவிகளில் ஓட்டும் மென்பொருளில், ஃபில்டர் போட்டு ஓரளவு மறைக்கலாம், ஆனால் கூர்மை போய்விடும். 720க்கு 480 திரையில் இந்தச் சிக்கலே கிடையாது, அட்வான்ஸ் அச்சு பிசகாமல் மூன்று மடங்கு. ஆன்பெர்னிக் ஆர்ஜி34எக்ஸ்எக்ஸ் என்ற கருவி அந்தத் திரையோடு வருகிறது. அட்வான்ஸ் மட்டும்தான் ஆடுவேன் என்பவர்கள் வேறு எதையும் யோசிக்கவே வேண்டாம்.

திரைக்கு அடுத்தது திசைப் பட்டன். கருவி கைக்கு வந்ததும் நான் செய்யும் சோதனை ஒன்று உண்டு. இடது பக்கத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலை மேலும் கீழும் லேசாக உருட்டிப் பார்ப்பேன். அப்போதே மேலோ கீழோ சேர்ந்து பதிந்தால் டெட்ரிஸ் ஆடவே முடியாது. கட்டையை நகர்த்தும்போதே கீழே இறங்கிவிடும். இதற்கு எளிய வைத்தியம் இருக்கிறது. கருவியைத் திறந்து, போர்டில் அந்தப் பட்டனுக்குக் கீழே இருக்கும் கறுப்புத் தொடுபரப்பின் ஓரங்களில் மெல்லிய டேப் துண்டு ஒட்டி, தொடும் இடத்தைக் குறுக்கிவிட்டால் போதும்.

சரி, கட்டிய கதைக்கு வருகிறேன். நான் எடுத்தது ராஸ்பெரி பையின் சிறிய வகையான பை ஜீரோ 2 டபிள்யூ. அதில் 512 எம்பி ராம்தான், ஆனாலும் சூப்பர் நின்டெண்டோ, அட்வான்ஸ் வரைக்கும் தாராளமாகப் போதும். வேலை வாங்குவது மின்சாரம். லித்தியம் செல் தருவது 3.7 வோல்ட், பைக்கு வேண்டியது 5. நடுவில் வோல்ட்டை உயர்த்தித் தரும் ஒரு பூஸ்ட் போர்டு வேண்டும், அது தரமாக இருக்க வேண்டும். மற்ற பைகளில் மின்னழுத்தம் குறைந்தால் திரையில் மின்னல் குறி வரும்; ஜீரோ வகையில் அந்த எச்சரிக்கைச் சுற்றே இல்லை. ஆகவே கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மல்டிமீட்டர் வைத்துப் பார்ப்பது நல்லது. ஹெட்போன் துளையும் கிடையாது என்பதால் ஒலிக்குத் தனியாக ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர் போர்டு சேர்த்தேன்.

இன்னொன்று, இதை அழுத்திச் சொல்கிறேன்: ஸ்விட்சை நேராக பேட்டரிக் கம்பியில் போடாதீர்கள். ரெட்ரோஆர்ச் என்ற எமுலேட்டர் மென்பொருள், கேமுக்குள் நாம் சேவ் செய்ததை வழக்கமாக வெளியேறும்போதுதான் மெமரி கார்டில் எழுதும். சட்டென்று மின்சாரம் போனால் அன்றைய ஆட்டம் போச்சு, கார்டும் பழுதாகலாம். அமைப்பில் தானாகச் சேமிக்கும் இடைவெளியைப் போட்டுவிடுங்கள், பட்டனை அழுத்தினால் ஒழுங்காக ஷட்டவுன் ஆகும்படி வையுங்கள். இந்த விஷயத்தில் வாங்கிய மியூதான் சுகம். அதில் ஆனியன் ஓஎஸ் என்ற மாற்று மென்பொருளைப் போட்டால் பவர் பட்டனில் அணைகிறது, மறுபடி போட்டால் விட்ட இடத்திலேயே நிற்கிறது. கருவியோடு வரும் பெயரில்லாத மெமரி கார்டை மட்டும் முதல் நாளே நல்ல கார்டுக்கு மாற்றிவிடுங்கள்.

பழைய அட்வான்ஸைத் திறக்க மூன்று கால் ஸ்க்ரூடிரைவர் தேவை. அதன் போர்டில் திரை ரிப்பன் 32 முனை, 40 முனை என்று இரண்டு வகை இருப்பதால், இரண்டுக்கும் ரிப்பன் வரும் கிட்டாகப் பார்த்து வாங்குங்கள். வெளிச்சமுள்ள ஐபிஎஸ் திரை போட்டபின் பேட்டரி முன்புபோல் நாள் வராது. ரீசார்ஜ் செல் 1.2 வோல்ட்தான் என்பதால் பேட்டரி விளக்கு சீக்கிரமே சிவந்துவிடும். பயப்பட வேண்டாம், அதற்குப் பிறகும் ஆடலாம்.

பழைய காட்ரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கேம் பாய் காட்ரிட்ஜ் பலவற்றில் சேவ் உயிரோடு இருப்பது உள்ளே இருக்கும் பட்டன் செல்லால்தான். செல் தீர்ந்தால் சேவ் அழியும். போகிமான் கோல்ட், சில்வர் போன்றவற்றில் கடிகாரமும் அதே செல்லில் ஓடுவதால் இன்னும் சீக்கிரம் தீரும். ஜிபிஎக்ஸ்கார்ட் மாதிரி ஒரு ரீடரில் கேமையும் சேவ் கோப்பையும் முதலில் கணினிக்கு எடுத்துவிடுங்கள். அப்புறம் செல்லை மாற்றி, சேவ் கோப்பைத் திரும்ப எழுதலாம். அதே கோப்பைப் புதுக் கருவியில் போட்டால் அங்கேயும் தொடர்ந்து ஆடலாம். செல் வாங்கும்போது இரு பக்கமும் தகடு வைத்தே வரும் வகையைக் கேட்டு வாங்குங்கள். வெறும் செல்லின் மேல் நேராகச் சூடான சால்டரிங் அயர்ன் வைத்தால் வெடிக்கலாம்.