கியர் பைக் கற்க எந்த வகுப்பு? காரைக்குடி பக்கம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

பள்ளத்தூர் பலகாரம்:

வணக்கம். எனக்கு வயசு 42. வீட்டிலேயே தேன்குழல், சீப்புச் சீடை, மாவுருண்டை செய்து வாரம் மூன்று நாள் காரைக்குடி செக்காலை ரோட்டில் இரண்டு கடைகளுக்குப் போடுகிறேன். டவுன் பஸ்ஸில் டின்னோடு ஏறி இறங்குவதற்குள் சீடை பாதி நொறுங்கிவிடுகிறது. ஆட்டோ வைத்தால் லாபம் ஆட்டோக்காரருக்கு. வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார், அவருடைய 2014 ஸ்ப்ளெண்டர் முகப்பில் சாக்குப் போர்த்தி சும்மா நிற்கிறது. இருக்கிற வண்டியை விட்டுவிட்டு இன்னொன்று வாங்க மனசு வரவில்லை.

போன வருஷம் ஒரு பள்ளியில் (பெயர் வேண்டாம்) பத்து நாள் வகுப்புக்குப் பணம் கட்டினேன். பொட்டலில் சுண்ணாம்புப் பொடியால் எட்டு போட்டிருப்பார்கள். முதல் கியர், பாதி கிளட்ச், அதிலேயே சுற்றிச் சுற்றி வரணும். மாஸ்டர் பின்னால் உட்கார்ந்து ஹேண்டில் பாரில் ஒரு கை வைத்திருப்பார். ஒன்பதாம் நாள்தான் ரோட்டுக்கே போனோம். பின்னால் பஸ் ஹாரன் அடித்ததும் பதறி ஓரத்துச் செம்மண்ணில் ஒடித்து, முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தேன். விழுந்து கெண்டைக்காலில் சைலன்சர் சுட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. "லைசென்ஸ் வந்ததும் எல்லாம் தானா வந்துடும்" என்றார் மாஸ்டர். அப்புறம் நான் போகவில்லை, எல்எல்ஆரும் காலாவதியாகிவிட்டது.

இப்போது மூன்று வழி இருக்கிறது. கழனிவாசல் பக்கம் ஒரு பள்ளி: பல்சர் வண்டி, தினம் அரை மணி நேரம், லைசென்ஸுக்கு உத்தரவாதமாம். மதுரையில் ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் பயிற்சி: கட்டணம் கூட, ஆனால் பாதுகாப்புதான் பாடமே என்கிறார்கள். மூன்றாவது, எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர். சித்தப்பா முறை, இலவசமாகச் சொல்லித் தருகிறேன் என்கிறார். எதில் சேரலாம்?

கோட்டையூர் காளை:

அக்கா, பேசாம டிவிஎஸ் எக்ஸெல் மொபெட் வாங்குங்க. கிளட்சும் இல்ல, கியரும் இல்ல. காலுக்கு நடுவுல டின்னு ஜம்முனு உட்காரும். நம்ம பக்கம் பால்காரர்ல இருந்து கோழிக்காரர் வரைக்கும் அதுதான்.

பழைய கிளட்ச்:

காளை சொல்வது தப்பில்லை, ஆனால் தாயி கேட்டது அது இல்லையே.

தேவகோட்டையில் முப்பது வருஷம் பட்டறை வைத்திருந்தேன். விழுந்த வண்டிகள் என்னிடம்தான் வரும், விழுந்தவர்களும் கூடவே வருவார்கள். முக்கால்வாசிப் பேர் எட்டு அழகாகப் போட்டு லைசென்ஸ் வாங்கியவர்கள். எட்டு பரீட்சைக்கு வேண்டும், சரி. நடுரோட்டில் ஆடு குறுக்கே வந்தால் எட்டு போட்டா தப்பிக்க முடியும்? நிறுத்தத் தெரியணும். அதனால் எந்தப் பள்ளி நிறுத்தச் சொல்லிக் கொடுக்கிறதோ அதில் சேர். உத்தரவாத லைசென்ஸ் என்றாலே எனக்குக் கொஞ்சம் அலர்ஜி.

அடுத்தது வண்டி. பல்சரில் முதல் கியர் கீழே, மற்றதெல்லாம் மேலே. உன் ஸ்ப்ளெண்டரில் நியூட்ரலில் இருந்து நாலும் முன்னால் மிதித்துத்தான் விழும், குறைக்கக் குதிகாலால் பின்னால் மிதிக்கணும். பத்து நாள் அதில் பழகிவிட்டு வீட்டு வண்டியில் ஏறினால் பதற்றத்தில் கால் பழகிய பக்கம்தான் போகும். குறைக்க நினைத்துக் கூட்டிவிடுவாய்.

இதைவிட முக்கியமாக இன்னொன்று, இதை யாரும் சொல்ல மாட்டார்கள். 2019 ஏப்ரலில் இருந்து 125 சிசி வரையிலான புது வண்டிகளில் சிபிஎஸ் கட்டாயம். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) போட்டிருந்தால்தான் அது இல்லாமல் இருக்கும். சிபிஎஸ் என்றால், கால் பிரேக்கை மிதித்தாலே முன் சக்கரமும் கொஞ்சம் பிடிக்கும். உன் 2014 வண்டியில் கால் பிரேக் பின் சக்கரத்துக்கு மட்டும்தான். புது வண்டியில் காலை மட்டும் நம்பிப் பழகியவர், இதில் நிற்காமல் நீளமாகப் போவார். ஸ்ப்ளெண்டரே வைத்திருக்கும் பள்ளியைத் தேடு, அல்லது உன் வண்டியிலேயே கற்றுத் தரச் சொல்.

முன் பிரேக்கைக் கண்டு பயப்படாதே. வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு அதனுடையதுதான், பிரேக் பிடித்ததும் எடை முன்னால் வந்துவிடும். நீ விழுந்ததற்குக் காரணம் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தது: ஹேண்டில் ஒரு பக்கம் திரும்பியிருந்தது, கீழே செம்மண், வெடுக்கென்று பிடித்தாய். தேன்குழல் அச்சை எப்படி அமுக்குகிறாய்? எடுத்த எடுப்பில் முழு பலமா போடுகிறாய்? மாவு இறங்க இறங்க அழுத்தம் கூடும் இல்லையா, விரல் அப்படித்தான் இறுகணும். வண்டி நேராக இருக்கணும். செம்மண் ஓரத்துக்கு வருவதற்கு முன்னாலேயே வேகம் குறைந்திருக்கணும்.

40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்குப் பதினொரு மீட்டர் ஓடும். ஆட்டைப் பார்த்து விரல் பிரேக்குக்குப் போகவே கிட்டத்தட்ட ஒரு நொடி ஆகிவிடும். பிரேக்கின் வேலை அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கும். நம்ம ஊர்த் தெருக்களைப் பார், கானாடுகாத்தானோ பள்ளத்தூரோ, முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில். முக்கு வரைக்கும் உயரச் சுவர், குறுக்குத் தெருவில் யார் வருகிறார்கள் என்று முன்சக்கரம் எட்டிப் பார்த்த பிறகுதான் உனக்குத் தெரியும். தை மாதம் வந்தால் பழனிக்கு நடப்பவர்கள் இருட்டில் ரோட்டோரமாகப் போவார்கள். இதையெல்லாம் பொட்டலில் படிக்க முடியாது, ரோட்டில் எத்தனை நாள் கூட்டிப் போவீர்கள் என்று கேள்.

பணம் கட்டுவதற்கு முன் காலை ஆறு மணிக்குப் போய் அரை மணி நேரம் சும்மா நின்று பார். கோடு போட்டு அதில் நிறுத்தச் சொல்கிறார்களா, மூன்றாம் கியர் வரைக்கும் போகிறார்களா, கற்பவர் தலையில் ஹெல்மெட் இருக்கிறதா, அதன் வார் மாட்டியிருக்கிறதா. அது போதும். மதுரைப் பயிற்சி நல்லதுதான், ஆனால் கிளட்சே பிடிபடாமல் அங்கே போனால் நாள் பூரா கிளட்சிலேயே போய்விடும். ஒரு மாதம் ஓட்டிவிட்டுப் போ.

தேவகோட்டை டீச்சர்:

நான் 39 வயதில் கற்றுக்கொண்டவள். ஐயா சொன்னதில் பெரும்பாலும் சரி. மாஸ்டர் பின்னால் உட்காருவதை மட்டும் நீங்கள் குறையாகச் சொல்லாதீர்கள், எனக்கு முதல் இரண்டு நாள் அந்தத் தைரியம் தேவைப்பட்டது. மூன்றாம் நாளும் கையை எடுக்கவில்லை என்றால்தான் பள்ளியை மாற்றணும்.

சித்தப்பாவிடம் வேண்டாம். எனக்கு என் அண்ணன் சொல்லிக் கொடுத்தார். இரண்டாம் நாள் நடுத்தெருவில் அவர் போட்ட சத்தத்தில் நான் வண்டியை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தேன். காசு வாங்குகிறவர் திட்டினால் திருப்பிக் கேட்கலாம், முறைக்காரரைக் கேட்க முடியுமா?

எல்எல்ஆர் புதிதாக எடுக்கணும். நாற்பது தாண்டிவிட்டதால் டாக்டரிடம் படிவம் 1ஏ (மருத்துவச் சான்று) வாங்கிக்கொள்ளுங்கள். எடுத்து முப்பது நாள் கழித்துத்தான் டெஸ்டுக்குப் போகலாம், ஆறு மாதம் செல்லும். அந்த முப்பது நாளையும் வீணாக்காமல் ஓட்டுங்கள். சேலை வேண்டாம், சுடிதார் என்றால் ஷாலை இறுக்கிக் கட்டுங்கள். ஹெல்மெட் ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து வாங்குங்கள், ரோட்டோரம் குவித்து விற்பது வேண்டவே வேண்டாம்.

பள்ளத்தூர் பலகாரம்:

எல்லோருக்கும் நன்றி. செவ்வாய்க்கிழமை காலை முதல் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தேன். கழனிவாசல் பள்ளியில் மாஸ்டர் டீக்கடை பெஞ்சில் போன் பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு பையன் தன்னந்தனியாக எட்டு போட்டுக்கொண்டிருந்தான். ஹெல்மெட் கண்ணாடியில் தொங்கியது. திரும்பி வரும்போது நூறடி ரோடு பக்கம் இன்னொரு பள்ளி கண்ணில் பட்டது. பழைய ஸ்ப்ளெண்டர். என் வயசுள்ள ஒரு அம்மாவை ஓடவிட்டு, செங்கல் வைத்த இடத்தில் நிறுத்தச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஆறு தடவை எண்ணினேன், நாலு தடவை செங்கலைத் தாண்டிப் போனார், யாரும் சத்தம் போடவில்லை. திங்களில் இருந்து சேருகிறேன். சித்தப்பாவிடம் என்ன சொல்வதென்றுதான் தெரியவில்லை.

ஒரு கேள்வி. எப்போதில் இருந்து டின் வைத்து ஓட்டலாம்?

பழைய கிளட்ச்:

வெறும் வண்டியில் ஒரு மாதமாவது போய் வந்த பிறகு. முதலில் ஒரு டின், சீட்டோடு ஒட்டித் தாழ்வாகக் கட்டு. ஹேண்டிலில் பை மாட்டாதே, திருப்பும்போது இழுக்கும். பின்னால் பாரம் ஏறினால் முன்பக்கம் லேசாகிவிடும், நிற்கும் தூரமும் மாறும், அதனால் பொட்டலில் டின்னோடு செங்கல் பாடத்தை ஒரு தடவை திரும்பச் செய்து பார்.

அப்புறம், வண்டி சும்மா நின்றது என்றாயே. பிரேக் ஷூ, கேபிள், செயின் பார்க்கச் சொல். டயரின் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும், முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருஷம். அதைப் பார்த்துச் சொல்.

பள்ளத்தூர் பலகாரம்:

டார்ச் அடித்துப் பார்த்தேன் ஐயா. இரண்டிலும் 4613 என்று இருக்கிறது. பட்டன் எல்லாம் நன்றாகத்தான் தெரிகிறது, ஓரத்தில் மட்டும் மயிரிழை மாதிரி வெடிப்பு.

பழைய கிளட்ச்:

2013 கடைசியில் செய்தது. வண்டியோடு வந்த டயர். பட்டனைப் பார்க்காதே தாயி, ரப்பர் செத்துப்போச்சு. திங்கட்கிழமைக்கு முன்னால் இரண்டையும் மாற்று.