மீதி 17,400 டாலர்தானா? மகளின் கல்லூரி உதவிக் கடிதத்தைப் படிக்க வழி சொல்லுங்கள்

கேள்வி: சிறுவாணி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகள் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கப்போகிறாள். வரும் ஆகஸ்டில் இளநிலைப் படிப்பில் சேர வேண்டும். அவள் அமெரிக்காவில் பிறந்தவள் என்பதால் குடியுரிமை உண்டு. நான் எச்-1பி என்ற வேலை விசாவிலும் என் மனைவி அதைச் சார்ந்த எச்-4 குடும்ப விசாவிலும் இருக்கிறோம். கிரீன் கார்டு வரிசை எங்களுக்கு நகர்வதாகத் தெரியவில்லை. நாங்கள் இருவருமே தமிழ்நாட்டில் அரசுக் கல்லூரியில் படித்தவர்கள். கட்டணத்தைச் சன்னலில் கட்டி ரசீதை வாங்கிக்கொண்டு வந்த பழக்கம் எங்களுக்கு. ஒரே கல்லூரிச் செலவுக்கு ஏழெட்டு வரிகளில் கூட்டலும் கழித்தலும் போட்டு வந்திருக்கும் இந்தக் கடிதங்கள் எங்களுக்குப் பிடிபடவில்லை.

ஒரு தனியார் கல்லூரி ஆண்டுச் செலவை 86,400 டாலர் என்று காட்டி, அதன் கீழே கல்லூரி மானியம் 41,000, மத்திய அரசின் மாணவர் கடன் 5,500, ஒர்க்-ஸ்டடி 2,500, மத்திய அரசு பெற்றோர் பெயரில் தரும் பிளஸ் கடன் 20,000 என்று எழுதி, மொத்த உதவி 69,000 என்றும் மீதி 17,400 என்றும் முடித்திருக்கிறது. எங்கள் மாநிலப் பல்கலைக்கழகமோ செலவு 33,200, தகுதி உதவித்தொகை 4,000, மாணவர் கடன் 5,500, மீதி 23,700 என்கிறது. இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துக்கொண்டு, தனியார் கல்லூரிதான் மலிவு என்கிறாள் மகள். தாளில் இருப்பதும் அதுதான். ஆனாலும் எங்கோ இடிக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எச்-4 வேலை அனுமதியில் பணிபுரிந்துவந்த என் மனைவிக்குக் கடந்த அக்டோபரில் வேலை போய்விட்டது. மத்திய அரசின் மாணவர் நிதி உதவிக்கான விண்ணப்பமாகிய ஃபாஃப்சாவோ, 2026–27 கல்வியாண்டுக்கு 2024ஆம் ஆண்டு வருமானத்தைத்தான் எடுத்துக்கொண்டது. மே 1க்குள் முடிவு சொல்ல வேண்டும். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: பழையகணக்கு

வணக்கம் ஐயா. இரண்டு பிள்ளைகளை இந்த வழியாகவே அனுப்பிவைத்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்களுக்கு இடிப்பதில் நியாயம் இருக்கிறது. அந்தக் கடிதத்தில் ‘உதவி’ என்ற ஒரே தலைப்பின் கீழ் மூன்று வேறுபட்ட பொருள்களைக் கலந்துவைத்திருக்கிறார்கள். திருப்பிக் கொடுக்க வேண்டாத பணம் ஒன்று, வட்டியோடு திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம் இன்னொன்று, உங்கள் மகள் இனிமேல் உழைத்துச் சம்பாதிக்க வேண்டிய பணம் மற்றொன்று. இவற்றுள் முதலாவதை மட்டுமே செலவிலிருந்து கழிக்க வேண்டும்.

அப்படிக் கழித்தால் தனியார் கல்லூரியின் உண்மையான விலை 86,400 கழித்தல் 41,000, அதாவது 45,400 டாலர். மாநிலப் பல்கலைக்கழகத்தின் விலை 33,200 கழித்தல் 4,000, அதாவது 29,200 டாலர். ஆக, மலிவு என்று தோன்றிய கல்லூரி ஆண்டுக்கு 16,200 டாலர் கூடுதலாகக் கேட்கிறது. நான்கு ஆண்டுகளுக்கு அது 64,800. கடனைக் கூடுதலாகக் காட்டிய கடிதத்தில் மீதி குறைவாகத் தெரிகிறது. வேறு மாயம் எதுவும் அதில் இல்லை.

ஒர்க்-ஸ்டடி 2,500 என்பதைப் பற்றியும் ஒரு சொல். அந்தத் தொகை கட்டணச் சீட்டில் கழியாது. வளாகத்திலேயே நூலகத்திலோ ஆய்வகத்திலோ ஒரு வேலையை மாணவியே தேடிப் பிடித்து, மணிக்கணக்குக்கு வேலை பார்த்துச் சம்பளமாகப் பெற வேண்டும். ஆகஸ்டில் முதல் தவணை கட்டும்போது அது உங்கள் கையில் இருக்காது.

அடுத்து, அந்த 41,000 டாலர் மானியம் நான்கு ஆண்டுகளுக்கும் மாறாத தொகையா, கட்டணம் ஏற ஏறத் தானும் ஏறுமா என்று எழுத்துமூலம் கேளுங்கள். தொகை நிலையாக இருந்து, செலவு ஆண்டுக்கு 4 விழுக்காடு ஏறுவதாக வைத்துக்கொண்டால், இரண்டாம் ஆண்டிலேயே உங்கள் பங்கு 45,400லிருந்து 48,856 ஆகிவிடும். உதவித்தொகையைத் தக்கவைக்க எவ்வளவு ஜிபிஏ (4.0 அளவில் மதிப்பெண் சராசரி) வேண்டும் என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். என் மூத்தவனுக்கு 3.5 என்று விதித்திருந்தார்கள். முதல் பருவத்தில் வேதியியல் ஒன்று சறுக்கியதும் அவன் 3.42க்கு வந்துவிட்டான். ஓராண்டு அவகாசம் கொடுத்தார்கள் என்பதால் பிழைத்தோம். அந்த அவகாசம் உண்டு என்பதே சறுக்கிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

இதை வைத்துத் தனியார் கல்லூரி என்றாலே விலை கூடுதல் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். ஹார்வர்டும் எம்ஐடியும் 2025–26 கல்வியாண்டு முதல், வழக்கமான சொத்து நிலையோடு ஆண்டு வருமானம் 200,000 டாலருக்குட்பட்ட குடும்பங்களிடம் டியூஷன் எனப்படும் கல்லூரிப் படிப்புக் கட்டணமே வாங்குவதில்லை. பிரின்ஸ்டன் 2001லேயே தன் உதவித் தொகுப்பிலிருந்து கடனை நீக்கிவிட்டது. இடம் கிடைப்பது அரிது என்பது வேறு கதை. பதினோராம் வகுப்பில் பிள்ளைகளை வைத்திருப்பவர்கள், ஒவ்வொரு கல்லூரியின் இணையதளத்திலும் இருக்கும் நெட் பிரைஸ் கால்குலேட்டரில் (உதவி போகக் கட்ட வேண்டியதைத் தோராயமாகக் காட்டும் கணிப்பானில்) தங்கள் வருமானத்தை இட்டுப் பார்த்துவிட்டு விண்ணப்பப் பட்டியலைப் போடுவது நல்லது. 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 2011 அக்டோபரிலிருந்து கல்லூரிகள் அதை வைத்திருப்பது கட்டாயம். ஆனால் பல கல்லூரிகளின் தளத்தில் அதைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் பொறுமை போய்விடும்.

மறுமொழி: உள்ளிருந்தவள்

ஒரு கல்லூரியின் நிதி உதவி அலுவலகத்தில் சில ஆண்டுகள் பணியாற்றியிருக்கிறேன். மேலே சொல்லப்பட்ட கணக்கு சரியானது. ஆனால் கேள்வி கேட்டவரின் நிலையில் அதைவிட முக்கியமான ஒன்று விடுபட்டிருக்கிறது. பெற்றோர் பிளஸ் கடனை வாங்கும் தாயோ தந்தையோ அமெரிக்கக் குடியுரிமை உள்ளவராகவோ, கிரீன் கார்டு போன்ற தகுதி பெற்றவராகவோ இருக்க வேண்டும். எச்-1பி, எச்-4 விசாக்களில் இருப்பவர்களுக்கு அந்தக் கடன் கிடையாது. மகளின் ஃபாஃப்சா தகுதிக்குப் பெற்றோரின் விசா தடையில்லை என்பதால் அவளுடைய சொந்தக் கடனுக்குச் சிக்கல் இல்லை. ஆனால் உங்கள் பெயரில் எழுதப்பட்டிருக்கும் அந்த 20,000 டாலர் வெறும் எழுத்துதான். அதை அடித்துவிட்டால் அக்கடிதத்தின் மீதி 17,400 அல்ல, 37,400.

குடியுரிமை உள்ள பெற்றோரும் அந்த வரியை நம்பி நான்கு ஆண்டுக்குத் திட்டம் போட முடியாது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் பெற்றோர் பிளஸ் கடனுக்கு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000 டாலர், மொத்தத்தில் 65,000 டாலர் என்று வரம்பு வந்துவிட்டது. மூன்று ஆண்டுகள் முழு வரம்பையும் வாங்கினால் நான்காம் ஆண்டுக்கு எஞ்சுவது 5,000 மட்டுமே. 2025–26இல் அதன் வட்டி 8.94 விழுக்காடு, மாணவர் கடனுக்கு 6.39.

இனி, உங்களுக்குக் கைகொடுக்கக்கூடிய ஒன்று. பெற்றோருக்கு பிளஸ் கடன் வாங்க வழியில்லாத சூழலில், மாணவிக்கே கூடுதலாக மானியமில்லா மத்தியக் கடன் வழங்கக் கல்லூரியின் உதவி அலுவலருக்கு அதிகாரம் உண்டு. முதல் இரண்டு ஆண்டுகளில் அது ஆண்டுக்கு 4,000 டாலர் வரை. அதாவது 5,500 என்பது 9,500 ஆகலாம். பெற்றோரின் குடியுரிமை நிலை அதற்கு ஏற்கத்தக்க காரணங்களுள் ஒன்று. இதை அலுவலகம் தானாகச் சொல்லும் என்று எதிர்பார்க்காமல் நீங்களே கேட்க வேண்டும். கேட்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன், வாங்க வேண்டும் என்று சொல்லவில்லை. மானியமில்லாக் கடனுக்குப் படிக்கும் காலத்திலேயே வட்டி ஏறத் தொடங்கிவிடும்.

உங்கள் மனைவியின் வேலையிழப்புக்கு வருகிறேன். ஃபாஃப்சா ஈராண்டுக்கு முந்தைய வருமானத்தை எடுப்பதால் ஏற்படும் இத்தகைய முரண்களைச் சரிசெய்யவே, குடும்பச் சூழலைப் பார்த்து விண்ணப்பத்திலுள்ள எண்களை மாற்றும் புரொஃபஷனல் ஜட்ஜ்மென்ட் என்ற அதிகாரத்தைச் சட்டம் அலுவலர்களுக்குக் கொடுத்திருக்கிறது. இரண்டு கல்லூரிகளுக்கும் தனித்தனியே முறையீடு அனுப்புங்கள். ஒன்றின் முடிவு மற்றொன்றைக் கட்டுப்படுத்தாது. பணிநீக்கக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டு, பணிமுடிவுத் தொகை ஏதும் வந்திருந்தால் அதன் விவரம், இந்த ஆண்டு முழுவதற்கும் எதிர்பார்க்கும் வருமானம் ஆகியவற்றை இணைத்து ஒரே பக்கத்தில் எழுதுங்கள். எங்கள் மேசைக்கு ஏப்ரலில் வந்த முறையீடுகளில் பல, பிள்ளையின் பெருமைகளை மூன்று பக்கத்துக்கு அடுக்கிவிட்டு வருமான எண்ணை எங்கும் சொல்லாமல் முடிந்திருக்கும். அந்த எண்ணைக் கேட்டு நாங்கள் திருப்பி எழுதி, பதில் வருவதற்குள் மே 1 கடந்துவிடும். முதல் பத்தியிலேயே பழைய வருமானம் இவ்வளவு, இப்போது இவ்வளவு, மாறிய தேதி இது என்று எழுதிவிடுங்கள்.

தனியார் கல்லூரி, சில கல்லூரிகள் ஃபாஃப்சாவோடு கூடுதலாகக் கேட்கும் சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற நிதி விண்ணப்பத்தைக் கேட்டிருந்தால், உங்கள் வீட்டின் மதிப்பையும் அது கணக்கில் சேர்த்திருக்கலாம். ஃபாஃப்சா குடியிருக்கும் வீட்டைப் பார்ப்பதில்லை. வீட்டுக்கடன் பாக்கியைச் சரியாக நிரப்பினீர்களா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி: நீர்ப்பறவை

கேள்வி கேட்டவருக்கு நேரடியாகப் பொருந்தாது என்றாலும், இதே விசாவில் இருக்கும் மற்றவர்கள் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். என் மகன் மூன்று வயதில் எங்களோடு இங்கு வந்தவன், எச்-4 விசாவில் இருப்பவன். மழலையர் வகுப்பிலிருந்து இங்கேயே படித்திருந்தாலும் மத்திய அரசின் மானியமோ கடனோ ஒர்க்-ஸ்டடியோ அவனுக்குக் கிடையாது. எங்கள் மாநிலம் அவனைக் குறைந்த கட்டணம் கட்டும் உள்மாநில மாணவனாக ஏற்றுக்கொண்டது; மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறுபடும் என்பதால் விண்ணப்பிக்கும் முன்பே பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுவிட வேண்டும். பல தனியார் கல்லூரிகள் இத்தகைய பிள்ளைகளை வெளிநாட்டு மாணவர்களாகவே கருதுகின்றன. வெளிநாட்டு மாணவரின் பணத்தேவையைப் பார்க்காமல் சேர்த்து, முழுத் தேவையையும் ஈடுசெய்யும் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட் போன்ற கல்லூரிகள் மிகச் சில.

நாங்கள் முதல் இரண்டாண்டு, குறைந்த கட்டணத்தில் நடக்கும் உள்ளூர்க் கம்யூனிட்டி காலேஜில் படிக்கவைத்து, பிறகு மாநிலப் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டுக்கு மாற்றினோம். எந்தப் பாடத்தின் கிரெடிட் அங்கே செல்லும் என்பதைச் சேரும் முன்பே இரண்டு நிறுவனங்களின் ஒப்பந்தப் பட்டியலிலும் சரிபார்த்தோம். அப்படியும் ஒரு புள்ளியியல் பாடத்தை மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. இருபத்தொரு வயதோடு எச்-4 முடிந்துவிடும் என்பதால், அது நிறைவதற்குள் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறும் வேலையும் படிப்புக்கு நடுவில் வந்து சேரும். அதற்கும் நாள் ஒதுக்கிவையுங்கள்.

மறுமொழி: வரிமேசை

சுருக்கமாக ஒன்று. படிப்புச் செலவுக்கு அமெரிக்கன் ஆப்பர்சூனிட்டி வரிச்சலுகை ஆண்டுக்கு 2,500 டாலர் வரை நான்கு ஆண்டுகளுக்குக் கிடைக்கும். கணவனும் மனைவியும் கூட்டாகத் தாக்கல் செய்தால் 160,000 டாலர் வருமானம் வரை முழுமையாகவும், 180,000 வரை குறைந்துகொண்டும் வரும். 529 என்ற கல்விச் சேமிப்புத் திட்டத்தில் சேமித்துவைத்திருப்பவர்கள் டியூஷன் முழுவதையும் அதிலிருந்தே கட்டிவிட்டால் இந்தச் சலுகை கைநழுவிவிடும், ஏனெனில் ஒரே செலவை இரண்டு இடத்தில் காட்ட முடியாது. முழுச் சலுகைக்குத் தேவையான 4,000 டாலர் செலவை மட்டும் வங்கிக் கணக்கிலிருந்து கட்டிவிட்டு மிச்சத்தை 529இலிருந்து எடுங்கள்.

மகளுக்கு உங்கள் மருத்துவக் காப்பீடு இருந்தால், கல்லூரி தானாகச் சேர்த்துவிடும் காப்பீட்டுக் கட்டணத்தை நீக்கக் கெடுவுக்குள் படிவம் கொடுக்க மறவாதீர்கள்.

கேள்வி கேட்டவர்: சிறுவாணி

அனைவருக்கும் நன்றி. மூன்று வாரங்களில் நடந்ததைப் பதிவுசெய்கிறேன். பிளஸ் கடன் எங்களுக்குப் பொருந்தாது என்று தனியார் கல்லூரியே தொலைபேசியில் ஒப்புக்கொண்டு, அந்த வரியை நீக்கிய புதிய கடிதத்தை அனுப்பியது. ஒரு பக்க முறையீட்டுக்குப் பிறகு மானியத்தை 41,000லிருந்து 46,500 ஆக உயர்த்தினார்கள். அப்போதும் விலை 39,900. மாநிலப் பல்கலைக்கழகம் எதையும் உயர்த்தவில்லை. 29,200 அப்படியே நிற்கிறது.

மகள் தானே ஒரு தாளில் நான்கு ஆண்டுகளுக்கும் கட்டம் போட்டு, ‘கடன்’ என்று இருந்த வரிகளையெல்லாம் சிவப்பு மையில் மாற்றி எழுதினாள். இரண்டு நாள் யாரோடும் அதிகம் பேசவில்லை. மூன்றாம் நாள், மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஹானர்ஸ் பிரிவில் முதலாண்டு மாணவர்களுக்கே ஆய்வகத்தில் இடம் உண்டா என்று அவளே அங்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டாள். உண்டு என்று பதில் வந்தது. ஏப்ரல் 27 அன்று முன்பணம் கட்டிவிட்டோம்.

ஒரே ஒரு ஐயம். அக்டோபரில் மறுபடியும் ஃபாஃப்சா நிரப்பும்போது 2025ஆம் ஆண்டு வருமானம் கணக்கில் வரும். என் மனைவியின் ஒன்பது மாதச் சம்பளம் அதில் இருக்கிறது. மறுபடியும் முறையிட வேண்டுமா?

மறுமொழி: உள்ளிருந்தவள்

ஆம், ஒவ்வோர் ஆண்டும் புதிதாகத்தான் முறையிட வேண்டும். இந்த ஆண்டு அனுப்பிய தாள்களின் நகலை ஓர் உறையில் போட்டுவையுங்கள். அடுத்த முறை ஏப்ரல் வரை காத்திருக்காமல், ஃபாஃப்சா முடிவு கைக்கு வந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.