ஏழு வயது லேப்டாப்புக்கு எந்த பேட்டரி: நிறுவனத்துடையதா, ரிச்சி தெருவில் கிடைப்பதா?

நங்கநல்லூரிலிருந்து தொடங்குகிறேன்.

வீட்டிலிருந்தபடியே பாடநூல்களுக்கு மெய்ப்புத் திருத்துவது என் வேலை. 2018-இல் வாங்கிய லேப்டாப் அந்த வேலைக்கு இன்றும் போதுமானதாக இருக்கிறது. திரையிலோ விசைப்பலகையிலோ ஒரு குறையும் இல்லை. சென்ற மே மாதம் கத்திரி வெயில் உச்சத்தில் இருந்த ஒரு பிற்பகலில், டச்பேடின் இடது மூலை அழுத்தினால் இறங்காமல் கல் போல நின்றது. தூசி புகுந்திருக்கும் என்று துடைத்துவிட்டுத் தொடர்ந்து வேலை பார்த்தேன். இரண்டு நாள் கழித்து மேசையில் வைத்தபோது லேப்டாப்பின் நான்கு கால்களும் ஒருசேரப் படியவில்லை. ஒரு மூலையைத் தொட்டால் மறு மூலை எழும்பியது.

எங்கள் தெருமுனையில் பழுது பார்க்கும் தம்பி பின்மூடியின் திருகுகளை எடுத்ததும் மூடி தானாகவே மேலே எழும்பியது. உள்ளே வெள்ளி நிறத் தாளில் பொதிந்த மூன்று தட்டையான செல்கள் வரிசையாக இருந்தன. அவற்றில் நடுவில் இருந்தது பூரி போல உப்பி, டச்பேடைக் கீழிருந்து தள்ளிக்கொண்டிருந்தது. "அக்கா, இனிமே இதுல சார்ஜ் போடாதீங்க, ஊசி கீசி வச்சு குத்திப் பார்க்கவும் கூடாது" என்று சொல்லிவிட்டு, பேட்டரியின் இணைப்பைக் கழற்றித் தனியே எடுத்து வைத்தார். உப்பிய செல் இருந்த அந்த லேப்டாப்பை அம்மா உறங்கும் அறையில், கட்டிலுக்கு அருகில், இரவு முழுவதும் சார்ஜில் வைத்திருந்தேன் என்ற நினைவு அன்று என்னை உறங்க விடவில்லை.

எச்சரிக்கை முன்பே கிடைத்திருந்தது, நான்தான் அதைப் படிக்கவில்லை. விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு பேட்டரிரிப்போர்ட் என்று சேர்த்துத் தட்டினால் ஓர் அறிக்கை வரும். மார்ச் மாதம் நான் எடுத்து வைத்திருந்த அறிக்கையில், வடிவமைப்புக் கொள்ளளவு 48,000 மில்லிவாட் ஹவர் என்றும், முழுதாகச் சார்ஜ் ஏறும்போது நிற்பது 17,300 என்றும் இருந்தது. அதாவது மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே கூடுதல். ஐந்நூறு சார்ஜ் சுற்றுகளுக்குள் எண்பது விழுக்காட்டுக்கு இறங்குவது சாதாரணம் என்பார்கள். என்னுடையது அந்த நிலையை எப்போதோ கடந்துவிட்டிருந்தது.

இனி எதை வாங்குவது என்பதே கேள்வி. லேப்டாப் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் 7,900 ரூபாய் சொன்னார்கள். பொருத்தும் கூலி தனி, வரவழைக்கப் பத்து நாள் ஆகும். விலையைக் கேட்டதும் மெட்ரோவில் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி, மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு நடந்தேன். முதல் கடையில் 2,200 ரூபாய். "ஒரிஜினல்தான் மேடம்" என்றார்கள், பில் மட்டும் தர முடியாது என்றார்கள். இரண்டாவது கடையில் கிடைத்த பேட்டரியின் லேபிளில் 11.4 வோல்ட், 4,210 மில்லியாம்பியர் ஹவர், 60 வாட் ஹவர் என்று அச்சிட்டிருந்தது. வோல்ட்டையும் ஆம்பியர் ஹவரையும் பெருக்கினால் வாட் ஹவர் வரவேண்டும், 11.4-ஐ 4.21-ஆல் பெருக்கினால் 48 வருகிறதே தவிர 60 வரவில்லை. தன் லேபிளிலேயே கணக்கை ஒப்பேற்ற முடியாத ஒருவர் உள்ளே செல்லை ஒழுங்காக வைத்திருப்பார் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. மூன்றாவது கடைக்காரர், "இது ஒரிஜினல் இல்லை மேடம், கம்பேட்டிபிள். ஒரு வருஷ வாரண்டி, பில்லுலயே எழுதித் தர்றேன்" என்று நேராகச் சொன்னார். விலை 3,400; லேபிளில் நான்கு மாதத்துக்கு முந்தைய தயாரிப்புத் தேதியும் பி.ஐ.எஸ். எனப்படும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும் இருந்தன. உண்மை பேசிய அந்த ஒருவரிடம் வாங்கிவிடலாமா என்று தயங்கி, வெறுங்கையுடன் திரும்பினேன். இதே சூழலைக் கடந்தவர்கள் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்.

வேளச்சேரியிலிருந்து

2023-இல் இணையத்தில் 1,600 ரூபாய்க்கு ஒரு வெளிச்சந்தை பேட்டரி வாங்கினேன். வந்த நாளில் எல்லாம் சரியாகவே இருந்தது. மூன்று மணி நேரம் தாக்குப்பிடித்ததில் நான் மகிழ்ந்தும் போனேன். ஒரே ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. அறிக்கையில் சார்ஜ் சுற்று எண்ணிக்கை வாரங்கள் கடந்தும் 0 என்றே காட்டியது. பேட்டரிக்குள் இருக்கும் கணக்கிடும் சிப் உண்மையில் எதையும் கணக்கிடவில்லை என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம் என்று எனக்கு அப்போது தெரியாது.

டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல் வந்தது. கீழ்த்தளம் முழுவதும் தண்ணீர். எங்கள் குடியிருப்பில் மூன்று நாள் மின்சாரம் இல்லை. அலுவலகத்துக்கு அனுப்பியே தீரவேண்டிய ஒரு கோப்பு லேப்டாப்பில் இருந்ததால், அதை அணைத்து, 62 விழுக்காடு சார்ஜுடன் பத்திரமாக வைத்திருந்தேன். இரண்டாம் நாள் மாலை மொட்டை மாடியில் கைப்பேசிச் சிக்னல் கொஞ்சம் கிடைத்தபோது லேப்டாப்பை ஏற்றிக்கொண்டு போய்த் திறந்தேன். நான்கு நிமிடம் ஓடியது. 58 என்று காட்டிக்கொண்டிருந்த நிலையிலேயே திரை இருண்டது, மறுபடி எழவில்லை.

பிறகு விசாரித்ததில் காரணம் புரிந்தது. வரிசையாக இணைத்த மூன்று செல்களில் ஒன்று மட்டும் பலவீனமாக இருந்தால், மற்ற இரண்டிலும் சார்ஜ் இருந்தாலும் அந்த ஒன்றின் மின்னழுத்தம் விழுந்தவுடன் மொத்த பேட்டரியும் துண்டித்துக்கொள்ளும். விற்றவரைத் தேடினேன், அந்தப் பெயரில் அங்கே கடையே இல்லை. பணம் போனதைவிட, தேவைப்பட்ட அந்த ஒரு நாளில் அது கைவிட்டதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பெரம்பூரிலிருந்து

மேலே எழுதியவருக்கு நேர்மாறான அனுபவம் என்னுடையது. 2024-இல் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரிலேயே முழு விலை கொடுத்து வாங்கினேன். பெட்டியின் சீல் உடைபடவில்லை. வீட்டுக்கு வந்து லேபிளைப் பார்த்தால் தயாரிப்பு ஆண்டு 2020. முதல் முழுச் சார்ஜிலேயே வடிவமைப்புக் கொள்ளளவில் 81 விழுக்காடுதான் ஏறியது. "சீல் உடைக்காத புதுசு சார்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். லித்தியம் அயன் செல் பயன்படுத்தாமல் கிடந்தாலும் மூப்படையும். அதிலும் வெப்பமான கிடங்கில் இன்னும் விரைவாக. அந்த மாடல் லேப்டாப்பின் உற்பத்தியே நின்றுபோயிருந்ததால், அவர்களிடம் இருந்தது பழைய இருப்பு மட்டுமே. எழுத்துமூலம் இரண்டு முறை புகார் கொடுத்த பிறகே பணம் திரும்பியது. நங்கநல்லூர் அம்மா, நீங்கள் விலை கேட்பதற்கு முன் தேதி கேளுங்கள்.

அம்பத்தூரிலிருந்து

பேட்டரி பேக் கட்டும் பட்டறை ஒன்றில் பன்னிரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். ஒரிஜினல், ஓ.இ.எம்., ஃபர்ஸ்ட் காப்பி, கம்பேட்டிபிள் என்று கடையில் சொல்லும் சொற்களில் எதற்கும் சட்டப்படியான பொருள் கிடையாது. ஆகவே சொல்லை விட்டுவிட்டுப் பொருளைப் பார்ப்போம்.

பேக்கில் இருப்பவை இரண்டு: செல், அதைக் காவல் காக்கும் போர்டு. ஏமாற்று பெரும்பாலும் போர்டில்தான் நடக்கிறது. செல்லோடு ஒட்டி, சூட்டுக்கேற்ப மின்தடை மாறும் தெர்மிஸ்டர் என்ற சிறு பாகம் ஒன்று இருக்கவேண்டும். செல் சூடேறினால் சார்ஜை நிறுத்தச் சொல்வது அதுதான். மலிவான பேக்குகளைப் பிரித்தபோது, அதன் இடத்தில் மாறாத மதிப்புள்ள ஒரு சாதாரண ரெசிஸ்டரை வைத்துச் சாலிடர் செய்திருந்ததை நான் பலமுறை கண்டிருக்கிறேன். செல் எவ்வளவு கொதித்தாலும் லேப்டாப்புக்கு எப்போதும் 25 டிகிரி என்றே செய்தி போகும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும், ஏனென்றால் அதில் மிச்சமாவது சில ரூபாய் மட்டுமே.

செல்லிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 3.7 வோல்ட் என்று குறித்த செல்லை 4.2 வோல்ட் வரை சார்ஜ் செய்யலாம். நங்கநல்லூர்க்காரருடையது போல மூன்று செல்லில் 11.4 வோல்ட் என்றால் அது 3.8 வகை, 4.35 வரை தாங்கும்படி செய்தது. இரண்டாம் வகைக்குரிய இடத்தில் முதல் வகையை வைத்து, போர்டு 4.35 வோல்ட்டையே கேட்டால், ஒவ்வொரு சார்ஜிலும் செல் தன் எல்லைக்கு மேல் போகிறது. உப்புவதற்கு அது ஒரு நேர்வழி.

கழற்றி மாட்டும் பழைய வகை பேட்டரி என்றால் உள்ளே 18650 என்ற உருளைச் செல்கள் இருக்கும்: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். ஒரு நல்ல செல் 45 கிராமை ஒட்டி எடை இருக்கும். ஆறு செல் பேக்கைக் கையில் எடுத்தால் கனம் தெரியவேண்டும். பஞ்சு போல இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பழைய பேக்கையே பிரித்துச் செல் மட்டும் மாற்றித் தருகிறோம் என்று சொல்பவர்களிடமும் எச்சரிக்கை வேண்டும். செல்லைக் கழற்றிய கணத்தில் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும் போர்டுகள் உண்டு, அவற்றைத் திறக்கத் தனிக் கருவி வேண்டும்.

இந்தியாவில் விற்கும், கையில் எடுத்துச்செல்லும் கருவிகளுக்கான லித்தியம் பேட்டரிகளுக்கு ஐ.எஸ். 16046 தரநிலைப்படி பி.ஐ.எஸ். பதிவு கட்டாயம். லேபிளில் 'ஆர்' என்ற எழுத்துடன் தொடங்கும் பதிவு எண் இருக்கும். முத்திரையை யாரும் அச்சிட்டுவிடலாம், ஆகவே பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைத் தட்டி, வரும் நிறுவனப் பெயரும் லேபிளில் உள்ள பெயரும் ஒன்றுதானா என்று கடையில் நின்றபடியே பாருங்கள். ஒரு நிமிட வேலை.

நங்கநல்லூரிலிருந்து மீண்டும்

எழுதியவர்கள் மூவருக்கும் நன்றி. ரிச்சி தெருவின் மூன்றாவது கடைக்கு மறுபடி போய், செயலியில் எண்ணைச் சரிபார்த்தேன், பெயர் பொருந்தியது. அந்தக் கடைக்காரரிடம் ஒரு பேட்டரி வாங்கினேன், ஆனால் எனக்காக அல்ல. அண்ணன் மகனின் 2014-ஆம் ஆண்டு லேப்டாப்புக்கு, நிறுவனம் பேட்டரியே தயாரிக்காத மாடலுக்கு, கழற்றி மாட்டும் வகையில் ஒன்று.

என் லேப்டாப்புக்கு நிறுவனத்தின் பேட்டரியையே கேட்டேன். தயாரிப்புத் தேதி ஓராண்டுக்குள் இல்லையென்றால் எடுத்துக்கொள்ளமாட்டேன் என்று ஆர்டர் படிவத்திலேயே எழுதிக் கையொப்பம் வாங்கினேன். விலை இரட்டிப்புக்கும் மேல் என்பது என் வருமானத்தில் சிறிய விஷயம் அல்ல. நிறுவனம் என்றால் தவறு நேராது என்றும் நான் நம்பவில்லை. 2006 ஆகஸ்டில் டெல் நிறுவனம் தீப்பிடிக்கும் அபாயத்துக்காகச் சோனி செல்கள் கொண்ட சுமார் 41 லட்சம் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றதே. ஆனாலும், திரும்பப் பெற ஒருவர் இருந்தார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. உடலோடு சேர்த்து மூடிய, வெளியிலிருந்து கண்ணால் பார்க்கமுடியாத பேட்டரி, அம்மா உறங்கும் அறையில் சார்ஜ் ஆகப்போகிறது.

பன்னிரண்டாம் நாள் வந்தது. தேதி ஐந்து மாதத்துக்கு முந்தையது. முதல் அறிக்கையில் முழுச் சார்ஜ் 47,600 மில்லிவாட் ஹவர். சார்ஜ் 80 விழுக்காட்டில் நிற்கும்படி அமைப்பை மாற்றிவிட்டேன்; நாள் முழுவதும் மின்இணைப்பிலேயே இருக்கும் லேப்டாப்புக்கு, நம் ஊர் வெயிலில், அது செல்லுக்குப் பெரிய ஆறுதல் என்று சர்வீஸ் சென்டர் பெண்ணும் சொன்னார்.

உப்பிய பழையதை என்ன செய்வது என்று கேட்பவர்களுக்காக: குப்பை வண்டியில் போடாதீர்கள், அழுத்தத்தில் தீப்பிடிக்கும். 2022-இன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் அதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மேல் வைத்திருக்கின்றன. நான் முனைகளில் டேப் ஒட்டி, பழைய பிஸ்கட் டின்னில் உலர்ந்த மணல் நிரப்பி, அதில் புதைத்து ஆட்டோவில் கொண்டுபோனேன். சர்வீஸ் சென்டரில் டின்னோடு வாங்கி எடை போட்டு, ரசீது எழுதித் தந்தார்கள். டின்னை மட்டும் மணலைக் கொட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள்.