82599, அதன் விஎஃப், விர்டியோ-நெட்: எத்டூலில் எல்லாமே ‘ஆன்’. எப்படி ஒப்பிடுவது?

பொதிகைநெட் (கேள்வி)

இன்டெல் 82599 நெட்வொர்க் கார்டில் நேரடியாக ஓடும் ஒரு விஎக்ஸ்லேன் (பாக்கெட்டுகளை யூடிபிக்குள் பொதிந்து அனுப்பும் டன்னல்) கேட்வேயை கேவிஎம் விஎம்முக்குள் (மெய்நிகர் கணினிக்குள்) மாற்ற வேண்டும். கார்டின் விஎஃப் (கார்டே பிரித்துத் தரும் துணைக் கார்டு) ஒன்றைக் கொடுத்து ஐஎக்ஸ்ஜிபிஇவிஎஃப் டிரைவரில் ஓட்டலாம், இல்லை வீஹோஸ்ட் (பாக்கெட்டுகளை ஹோஸ்ட் கர்னலே நகர்த்தும் முறை) வைத்து விர்டியோ-நெட் என்ற மென்பொருள் கார்டிலேயே விடலாம். முடிவு செய்ய மூன்று இடத்திலும் எத்டூல் -கே (சின்ன கே; கார்டின் வசதிகளைப் பட்டியலிடும் கட்டளை) கொடுத்து அட்டவணை போட்டேன். செக்சம் (பிழை கண்டறியும் கூட்டு எண்), டிஎஸ்ஓ (பெரிய டிசிபி தரவைக் கார்டே துண்டாக்குவது), ஜிஆர்ஓ (வரும் பாக்கெட்டுகளைச் சேர்ப்பது) எல்லாம் மூன்றிலும் ‘ஆன்’. அப்படியானால் மூன்றும் ஒன்றுதானா? விஎம்முக்குள் 4 கோர் இருக்கிறது, நான்கிலும் டிராஃபிக் பிரிய வேண்டும். உள்ளே ஒரு பிரிட்ஜும் உண்டு.

கர்னல்வாசி

அட்டவணையிலிருந்து ஜிஆர்ஓ வரியை முதலில் எடுத்துவிடுங்கள். அது கர்னல் மென்பொருளில் செய்யும் வேலை. எந்த டிரைவரிலும் ‘ஆன்’ என்றுதான் வரும். அடுத்து, ‘ஃபிக்ஸ்டு’ என்று சதுர அடைப்புக்குள் வரும் வரிகளைத் தனியாகக் குறியுங்கள். அவற்றை எத்டூல் -கே (பெரிய கே) கொடுத்தாலும் மாற்ற முடியாது.

செக்சம் வரிதான் ஏமாற்றும். 82599-இல் ‘ஆன்’ என்றால் கார்டின் சிலிக்கான் கணக்குப் போடுகிறது. விர்டியோவில் ‘ஆன்’ என்றால் கணக்கையே போடாமல் ‘அப்புறம் யாராவது போட்டுக்கொள்ளட்டும்’ என்று குறித்து ஹோஸ்டிடம் தள்ளுகிறது. ஒரே ஹோஸ்டில் இரண்டு விஎம்கள் பேசிக்கொண்டால் அந்த செக்சம் கடைசிவரை நிரப்பப்படுவதே இல்லை. டிசிபிடம்ப்பில் ‘இன்கரெக்ட்’ என்று வருவது இதனால்தான். பெரும்பாலும் பிழை இல்லை. ஆனால் பழைய டிஎச்சிபி கிளையன்ட்கள் பாக்கெட்டை ரா சாக்கெட்டில் எடுத்துத் தாங்களே செக்சம் சரிபார்க்கும். பதில் வந்து சேர்ந்தும் ஐபி கிடைக்காது. ஹோஸ்டில் ஐபிடேபிள்ஸ் மேங்கிள் டேபிளின் போஸ்ட்ரவுட்டிங்கில், யூடிபி டெஸ்டினேஷன் போர்ட் 68-க்கு செக்சம்-ஃபில் விதி போட்டால் தீரும்.

விர்டியோவில் விஎம்முக்கும் ஹோஸ்டுக்கும் இடையே எந்த வசதி உண்மையில் பேசி முடிவானது என்று பார்க்க எத்டூலை மட்டும் நம்பாதீர்கள். /சிஸ்/கிளாஸ்/நெட்/எத்0/டிவைஸ்/ஃபீச்சர்ஸ் கோப்பைத் திறந்தால் 0-வும் 1-மாக ஒரு நீளமான சரம் வரும். இடது ஓரத்தில் இருப்பது பிட் 0. அதனால் மல்டிக்யூவுக்கான (பல பாக்கெட் வரிசைகள்) பிட் 22 என்பது இடமிருந்து 23-ஆவது எழுத்து. எண்ணும்போது ஒன்று தவறினால் பக்கத்து வசதியைப் படித்துவிடுவீர்கள். ஆர்எஸ்எஸ் (ஹாஷ் போட்டு, ஒரு டேபிளைப் பார்த்து உள்வரும் பாக்கெட்டுகளை க்யூக்களுக்குப் பிரிப்பது) பிட் 60, அதாவது 61-ஆவது எழுத்து.

வரிசைமாறன்

உங்கள் 4 கோர் தேவையிலேயே விஎஃப் அடிபடுகிறது. 82599-இன் விஎஃப்புக்கு லினக்ஸ் டிரைவர் கொடுப்பது அதிகபட்சம் 2 க்யூ. பிஎஃப்பில் (ஹோஸ்ட் பார்க்கும் முழுக் கார்டு) எத்டூல் -எல் (சின்ன எல்) 63 என்று காட்டுவதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது ஃப்ளோ டைரக்டரையும் (ஃப்ளோவைக் குறிப்பிட்ட க்யூவுக்கு அனுப்பும் கார்டின் இன்னொரு வசதி) சேர்த்த எண். ஆர்எஸ்எஸ் பிரிப்பது 16 க்யூ வரைதான், டேபிளில் 128 இடம்.

விஎக்ஸ்லேன் என்பதால் இன்னொன்று. டன்னல் முனைகள் இரண்டே ஐபிதான். ஃப்ளோவுக்கு ஃப்ளோ மாறுவது வெளி யூடிபி ஹெடரின் சோர்ஸ் போர்ட் மட்டும். 82599-இல் யூடிபிக்கு இயல்பாக ஐபி முகவரிகள் மட்டுமே ஹாஷில் சேரும். விளைவு, மொத்தமும் ஒரே க்யூவில் விழுந்து ஒரு கோர் மட்டும் 100 சதவீதம் ஓடும். எத்டூல் -என் (பெரிய என்), ஆர்எக்ஸ்-ஃப்ளோ-ஹாஷ் யூடிபி4 எஸ்டிஎஃப்என் என்று கொடுத்து போர்ட்டையும் சேர்க்க வேண்டும். துண்டான பாக்கெட்டுகள் அப்போது வரிசை மாறலாம், அதனால் எம்டியூவைச் சரிபார்த்துவிட்டுச் செய்யுங்கள். 82599-இல் ஹாஷ் சாவியும் டேபிளும் பிஎஃப்புக்கும் விஎஃப்களுக்கும் பொது. ஆகவே இதை ஹோஸ்டில் பிஎஃப் மேல்தான் மாற்ற முடியும், விஎம்முக்குள் இருந்து முடியாது.

விர்டியோவில் லிப்விர்ட் எக்ஸ்எம்எல்லில் டிரைவர் வரியில் க்யூஸ்=4. நேரடியாக கியூஎம்யூ என்றால் வெக்டர்ஸ் 2×4+2, அதாவது 10. விஎம்முக்குள் எத்டூல் -எல் (பெரிய எல்) கம்பைண்ட் 4. ஆர்எஸ்எஸ் பிட் இல்லாவிட்டாலும் பிரிப்பு நடக்கும்: எந்த க்யூ வழியாக ஒரு ஃப்ளோ வெளியே போனதோ, அதே க்யூவுக்கு அதன் பதிலை ஹோஸ்டின் டன் (விஎம்மை ஹோஸ்டின் நெட்வொர்க்கோடு இணைக்கும்) டிரைவர் திருப்பி அனுப்பும். எந்தக் கோரில் வேலை ஓடுகிறதோ அங்கேயே பதிலும் வருவது நல்லதுதான், ஆனால் டேபிள் உங்கள் கையில் இல்லை.

ரிங் (ஒரு க்யூவில் காத்திருக்கும் பாக்கெட்டுகளுக்கான இடம்) அளவையும் எழுதிக்கொள்ளுங்கள். 82599 இயல்பு 512, உச்சம் பழைய கர்னல்களில் 4096, புதியவற்றில் 8192. விர்டியோ இயல்பு 256. ஆர்எக்ஸ்-க்யூ-சைஸை கியூஎம்யூவில் 1024 வரை ஏற்றலாம். இது விஎம் தொடங்கும்போதே தர வேண்டியது.

பொதிகைநெட்

பிட் 22 இருக்கிறது, 60 இல்லை. பிரிட்ஜ்? பிடிபி (நெட்வொர்க் வழியாகக் கடிகாரத்தைத் துல்லியமாக ஒத்திசைக்கும் முறை) நேரமும் வேண்டியிருக்கும்.

கர்னல்வாசி

பிரிட்ஜ் என்றால் விஎஃப் கதை முடிந்தது. தன்னுடையது அல்லாத மேக் முகவரிக்கு வரும் பாக்கெட்டையும் பிரிட்ஜ் வாங்க வேண்டும். 82599 விஎஃப்பில் அதற்கான யூனிகாஸ்ட் ப்ராமிஸ்குவஸ் நிலை கிடையாது. ஹோஸ்டில் அந்த விஎஃப்பை நம்பச் சொல்லும் ட்ரஸ்ட் ஆன் போட்டாலும் ஐஎக்ஸ்ஜிபிஇ டிரைவர் மறுத்துவிடும். எக்ஸ்540 முதல்தான் உண்டு. எத்டூல் -கே-இல் இதற்கென ஒரு வரியே இல்லை, அட்டவணையில் நீங்களே ஒன்று சேர்க்க வேண்டும். விஎல்ஏஎன் ஃபில்டர் ‘ஆன்’ என்றாலும் போர்ட்டுக்கு 64 இடம்தான், எல்லா விஎஃப்பும் அதைப் பங்கு போடுகின்றன.

நேரத்துக்கு எத்டூல் -டி (பெரிய டி) பாருங்கள். 82599 பிஎஃப்பில் ஹார்ட்வேர் முத்திரை உண்டு, ஆனால் உள்வரும் பாக்கெட்டுகளில் பிடிபிக்கு மட்டும்தான். விஎஃப்பிலும் உங்கள் விர்டியோவிலும் ‘பிடிபி ஹார்ட்வேர் கிளாக்: நன்’ என்று வரும். ஹோஸ்டின் கடிகாரத்தை பிஎஃப் வழியாகச் சீர்செய்துவிட்டு, விஎம்முக்குள் பிடிபி_கேவிஎம் மாட்யூலை ஏற்றுங்கள். பிறகு க்ரோனியில் ரெஃப்கிளாக் பிஎச்சி என்று /டெவ்/பிடிபி0-ஐக் காட்டினால் போதும்.