டேகுக் இல் ஜாங்: தொடங்கிய இடத்தில் வந்து முடியாதது ஏன்?

ஏற்காட்டு மாணவி:
வணக்கம். நானும் என் மகளும் ஞாயிறுதோறும் சேலத்துக்கு இறங்கிச் சென்று டேக்வாண்டோ கற்கிறோம். மற்ற நாட்களில், எஸ்டேட்டில் காபி உலர்த்தும் சிமெண்ட் களம் காலியாக இருந்தால் அங்கே பயிற்சி செய்கிறோம். முதல் பூம்சேயான (தடுப்பும் குத்துமாக வரிசைப்படி செய்யும் அசைவுத் தொகுப்பு) டேகுக் இல் ஜாங்கின் வரிசை இருவருக்கும் தவறாமல் வருகிறது. ஆனால் கடைசிக் குத்தை முடித்துத் திரும்பி நிற்கும்போது, தொடங்கிய இடத்தில் போட்ட சாக்பீஸ் குறிக்கு ஓரடி பின்னாலும் சற்று வலப்புறமாகவும் நான் நிற்கிறேன். மகளோ ஏறக்குறையக் குறியிலேயே நிற்கிறாள். மழைநீர் வடிவதற்காகக் களத்தைச் சற்றுச் சரித்துக் கட்டியிருப்பது காரணமா, என் கால்வைப்பு காரணமா என்று எப்படிக் கண்டறிவது?

அஸ்தம்பட்டி பயிற்சியாளர்:
அம்மா, அதே குறியில் எதிர்த்திசையைப் பார்த்து நின்று ஒருமுறை செய்து பாருங்கள். இம்முறையும் உங்கள் முதுகுப் பக்கமாகவே தள்ளிப் போனால் தரையின் மேல் பழியில்லை. களத்தின் தாழ்ந்த பக்கத்துக்கே போனால் தரைதான் காரணம். மகள் குறியில் நிற்பதைப் பார்த்தால் கால்வைப்பாகவே இருக்கும் என்று எண்ணுகிறேன்.

பின்னால் போவதற்கான காரணம் பெரும்பாலும் கடைசி இரண்டு அப் குபிகளில் (முன் முழங்காலை மடக்கி நிற்கும் நீண்ட நிலை) இருக்கும். முன்னோக்கிப் போகையில் இரண்டு முறை அப் குபி வைக்கிறோம், திரும்பி வருகையில் இரண்டு முறை வைக்கிறோம். கிஹாப் (குத்தோடு எழுப்பும் உரத்த கூவல்) எழுப்பும் வேகத்தில் திரும்பி வரும் இரண்டும் நீண்டுவிட்டால், தொடங்கிய கோட்டைத் தாண்டித்தான் நிற்க வேண்டியிருக்கும்.

வலப்புற விலகல் இன்னும் நுட்பமானது. நடுக்கோட்டை வெட்டிப் போகும் மூன்று குறுக்குக் கோடுகளில் முதலாவதில் இடப்புறம் தடுத்து, ஓர் அடி வைத்துக் குத்திவிட்டு, வலப்புறம் முழுதாகத் திரும்பும்போது இடக்கால் அச்சாக நிற்க வலக்கால் நடுக்கோட்டுக்கு வர வேண்டும். அடுத்து முன்பக்கம் திரும்புவது அந்த வலக்காலை அச்சாக வைத்துத்தான் என்பதால், அது எங்கே விழுகிறதோ அதுவே புதிய நடுக்கோடாகிவிடுகிறது. குத்துக்காக வைக்கும் அடியின் நீளம் இதில் கணக்கில் வராது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மூன்றாம் குறுக்குக் கோட்டிலும் வலக்காலே நடுவுக்கு வருகிறது, இரண்டாவதில் மட்டும் இடக்கால். ஆகவே திரும்பும் அடியை எப்போதும் நீட்டி வைப்பவர் இருமுறை வலமும் ஒருமுறை இடமுமாக விலகி, கடைசியில் வலப்புறம் நிற்பார். களத்தில் நடுக்கோட்டை மட்டும் வரைந்துகொண்டு, அந்த மூன்று திருப்பங்களையும் தனியே செய்து பாருங்கள்.

சூரமங்கலம் கறுப்பு பெல்ட்:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் குறியில் வந்து நிற்பதற்காகக் கடைசி அடியைக் குறுக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். அதைவிடக் குறியைத் தவறவிடுவதே மேல் என்பேன். அப் சோகி என்னும் குட்டை நிலை சாதாரண நடையில் வைக்கும் ஓர் அடிதான், முழங்கால் மடங்காது. அப் குபி ஏறத்தாழ ஒன்றரை அடியெடுப்பு. முன் முழங்கால் மடங்கி, எடையில் மூன்றில் இரண்டு பங்கு முன்காலில் இருக்க, பின்பாதம் சுமார் 30 பாகை வெளியே திரும்பியிருக்கும். இவற்றை அவரவர் உடலளவுக்குத்தான் வைக்க வேண்டும். மகளின் அடிக்கு உங்கள் அடியைப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

வேர்ல்ட் டேக்வாண்டோ என்னும் உலக அமைப்பின் பூம்சே போட்டி முறையில் துல்லியத்துக்கு 4.0, வெளிப்பாட்டுக்கு 6.0 என மதிப்பெண் பிரிகிறது; சிறு பிழைக்கு 0.1, பெரும் பிழைக்கு 0.3 குறையும். ஒரே நிலைப்பிழை நான்கைந்து இடங்களில் திரும்பத் திரும்ப வந்தால் துல்லியத்தில் என்ன மிஞ்சும்?

இன்னொன்று: காய்ந்த சிமெண்ட் தரையில் வெறுங்காலைத் தேய்த்துத் திருப்பினால் முழங்கால் முறுக்கிக்கொள்ளும். குதிகாலைச் சற்றே தூக்கி, முன்பாதத்தின் மேல் திரும்புங்கள். அச்சுக்கால் இடம் நழுவுவதும் அதனால் குறையும்.

ஏற்காட்டு மாணவி:
இருவருக்கும் நன்றி. எதிர்த்திசையில் செய்தபோதும் என் முதுகுப் பக்கமாகவே தள்ளிப் போனேன், ஆகவே களம் காரணமில்லை. நடுக்கோட்டை வரைந்தாயிற்று. ஒரு சந்தேகம்: மூன்று திருப்பங்களையும் தனியே பழகும்போது கைத்தடுப்புகளையும் சேர்த்தே செய்ய வேண்டுமா?

அஸ்தம்பட்டி பயிற்சியாளர்:
முதலில் கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கால்களை மட்டும் பழகுங்கள். வலக்கால் பார்க்காமலே கோட்டில் விழத் தொடங்கியதும் தடுப்பைச் சேருங்கள்; கால் ஊன்றும் கணத்திலேயே தடுப்பும் முடிய வேண்டும்.