படகு கட்டும் முதலாளியோடு கடலுக்குப் போன அனுபவம்

முதலாளிகளோடு பழகிய கதைகளை எல்லோரும் எழுதுகிறீர்கள், நானும் ஒன்று சொல்கிறேன். மதுரை பக்கம் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் பைபர் தொட்டி, கதவு வேலை பார்த்துவிட்டு, ஷார்ஜாவில் ஸ்பீடு போட் கட்டும் பட்டறைக்குப் போனவன் நான். அங்கே எந்தப் புதுப் படகையும் முதலாளியே ஓட்டிப் பார்த்த பிறகுதான் வாடிக்கையாளரிடம் கொடுப்பார். காற்று பலமாக இருந்த ஒரு நாள், மேட் (கண்ணாடி இழைப் பாய்) வைத்துப் பிசின் தடவி ஒட்டிய எங்களையும் ஏறச் சொன்னார். படகு அலையில் எகிறி விழும்போது விழுகிற அடி முதுகெலும்பு வரை ஏறியது. அடித்தளத்தில் மேட்டை அழுத்திக் காற்றை வெளியேற்றும் ரோலர் சரியாக ஓடாமல் காற்றுக்குமிழ் தங்கியிருந்தால், அந்த இடத்தில்தான் லேயர் பிரியும். கரை வந்ததும் அவர் எதுவும் பேசவில்லை, அடித்தளத்தைக் கையால் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டார். அதன்பின் நாங்கள் யாரும் ரோலரை அவசரமாகத் தள்ளியதில்லை.

இப்படித் தானே படகு ஓட்டிய இன்னொரு முதலாளி, அமெரிக்காவில் ஸ்பீடு போட் கட்டிய டான் ஆரனோ. அவரைப் பற்றி எங்கள் மலையாளி போர்மேன் சொல்லித்தான் தெரியும். கட்டடத் தொழிலில் சம்பாதித்துவிட்டு மயாமிக்கு வந்தவர். 1962இல் பார்முலா, 1964இல் டான்ஸி, 1966இல் மேக்னம், 1969இல் சிகரெட் என்று வரிசையாகப் படகு கம்பெனிகள் தொடங்கினார். ஒன்றை வளர்த்து விற்றுவிட்டு அடுத்ததைத் தொடங்குவார். ரே ஹன்ட் என்ற படகு வடிவமைப்பாளர் உருவாக்கிய, ஏர்க்கொழு மாதிரி கூரான அடித்தளம் அலையை அறையாமல் கிழித்துப் போகும் என்பது 1960 மயாமி-நாசோ கடல் படகுப் பந்தயத்திலேயே தெரிந்துவிட்டது. ஆரனோ அந்த வழியில் படகு கட்டி, தானே ஓட்டி, 1967லும் 1969லும் கடல் படகுப் பந்தயத்தில் உலக சாம்பியன் ஆனார். வாங்க வந்தவர்களுக்கு அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? 1987இல் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள்.

எனக்கு அவரைவிடக் கேத்ரின் தியோடோலி மேல்தான் மதிப்பு அதிகம். ஆரனோ தொடங்கி விற்ற மேக்னம் கம்பெனியை, 1990இல் கணவர் இறந்தபின் தானே ஏற்று நடத்தியவர். ஆண்கள் மட்டுமே பேசிக்கொண்டிருந்த தொழில் அது. தொடங்கி விற்பதைவிட, விட்டுப்போனதை எடுத்து நிறுத்துவது கடினம் என்பது என் எண்ணம்.

இப்போது திருமங்கலம் பக்கம் சொந்தப் பட்டறை வைத்திருக்கிறேன். தொட்டி எதுவானாலும் தண்ணீர் நிரப்பி ஒரு ராத்திரி வைத்துப் பார்த்தபிறகே வண்டியில் ஏற்றுவோம். ராமேஸ்வரம், தூத்துக்குடியில் பைபர் வள்ளம் கட்டும் பட்டறைகளில் வேலை பார்த்த அண்ணன்மார் யாராவது இங்கே இருந்தால், உங்கள் முதலாளி எப்படிச் சோதித்தார் என்று எழுதுங்களேன்.