வடதுருவச் சீல், பனிக்கரடி உடம்பில் பூச்சிமருந்து எப்படி வந்தது?

மலர்விழி:
அங்கே வயலும் இல்லை, பெரிய ஆலைகளும் இல்லை. ஆனால் சீல், பெலுகா திமிங்கலம், பனிக்கரடி எல்லாவற்றின் கொழுப்பிலும் பி.சி.பி. (பழைய டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயில் இருக்கும் ரசாயனம்), டி.டி.டி. என்ற பூச்சிமருந்து இரண்டும் நிறைய இருப்பதாகப் படித்தேன். கப்பல்களில் இருந்து கொட்டியதா? அங்கே இவற்றைச் சாப்பிடுகிற மக்களுக்கு ஒன்றும் ஆகாதா?

செல்வம், பரங்கிப்பேட்டை:
கப்பல் இல்லை மலர்விழி. பெரும்பகுதி காற்றில் போனது, மீதி கடல் நீரோட்டத்தில். வெப்பமான ஊரில் ஆவியாகி, குளிர்ந்த இடத்தில் படிந்து, அடுத்த கோடையில் மறுபடி கிளம்பி, இப்படியே வடக்கே போய்ச் சேர்கிறது.

எங்கள் வெள்ளாற்றுப் பாசன வயல்களே இதற்குச் சாட்சி. ஜப்பான் ஆய்வாளர்களும் இங்குள்ளவர்களும் சேர்ந்து நெல்வயலில் பி.எச்.சி. என்ற பூச்சிமருந்தைப் போட்டுப் பார்த்து 1991-ல் வெளியிட்டார்கள். போட்டதில் ஏறக்குறைய முழுவதும் காற்றில் கலந்திருந்தது. எங்கள் அப்பா காலத்தில் மூட்டை மூட்டையாகத் தூவிய பொடி அது! 1997-ல்தான் இங்கே தடை வந்தது.

கடல்நீரில் இருப்பது மிகக் கொஞ்சம். மிதவை உயிரி, காட் மீன், சீல், கரடி என்று ஏறஏறச் செறிவும் ஏறும். இவை கொழுப்பில் தங்குபவை. அந்தக் குளிரில் கொழுப்பு இல்லாமல் எந்த விலங்கும் பிழைக்காது. ஆண் திமிங்கலத்துக்கு வயதாக ஆகக் கூடிக்கொண்டே போகும். பெண்ணுக்குக் குறையும், ஏனென்றால் பால் வழியாகக் குட்டிக்குப் போய்விடுகிறது. தலைச்சன் குட்டிக்குத்தான் அதிகப் பங்கு. என்னால் தாங்க முடியாதது இதுதான்.

தயா, மொன்றியல்:
மக்களைப் பற்றிக் கேட்டதற்கு: 1980-களில் எரிக் டெவாய்யி என்ற மருத்துவர் இங்கே கனடாவின் கியூபெக் மாகாணத்தில் தாய்ப்பாலைச் சோதித்தார். தூய்மையான மாதிரி கிடைக்கும் என்று நம்பித்தான் வடக்கே நுனாவிக் பகுதியின் இனூயிட் பழங்குடித் தாய்மாரிடம் பால் வாங்கினார். தெற்கில் உள்ளவர்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு பி.சி.பி. இருந்தது. அதற்காகச் சீலையும் திமிங்கலத்தையும் சாப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. கடைச் சாமான் விமானத்தில் வருவது, யானை விலை. சத்தும் வேட்டை உணவில்தான். ஆர்க்டிக் சார் மீனில் இந்த நஞ்சு குறைவு, அது ஒரு ஆறுதல்.

செல்வம், பரங்கிப்பேட்டை:
நன்றி தயா. இனூயிட் தலைவர் ஷீலா வாட்-குளூட்டியே போன்றவர்கள் விடாமல் பேசியதும் சேர்ந்துதான் 2001-ல் இந்த நஞ்சுகளைத் தடுக்க உலக நாடுகளின் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை வந்தது. அப்புறம் பல பழைய நஞ்சுகள் குறைந்துவருகின்றன, பி.சி.பி. மட்டும் மெதுவாக. அது இருக்கிற பழைய டிரான்ஸ்ஃபார்மர்களை 2025-க்குள் நிறுத்தி, 2028-க்குள் பாதுகாப்பாக அழிக்க வேண்டும் என்பது உடன்படிக்கை. உங்கள் ஊரில் யாராவது பழைய டிரான்ஸ்ஃபார்மரை உடைத்து எண்ணெயைத் தரையில் ஊற்றினால் தயவுசெய்து தடுத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதுங்கள்.